பூத்தொட்டியில் கண்ணாடிக் கல்

கொக்கி அண்ணனிடமிருந்து போன் வந்தால், எடுத்தவர் காதில் முதலில் விழுவது ஒரே வாக்கியம்தான். "ஆளுக்கு ஒண்ணும் இல்ல, வண்டிக்குத்தான் அடி." யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். நெடுஞ்சாலையில் இடித்துக்கொண்ட வண்டிகளையும் பள்ளத்தில் இறங்கிய வண்டிகளையும் இழுத்துப் போகிற ரெக்கவரி வண்டி அவருடையது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போன் செய்து, "உங்க கார் இங்க இடிச்சுக் கிடக்கு" என்று ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு அம்மா போனைப் பிடித்தபடியே மயங்கி விழுந்துவிட்டார். அன்றைக்கு மாற்றிய வரிசையை இருபத்திரண்டு வருடமாக மாற்றவில்லை.

ஆளுக்கு நிஜமாகவே அடி என்றால் அவர் போனைத் தொடமாட்டார். ஆம்புலன்சில் வந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். பொய் அவருக்கு வராது. வந்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கொக்கி என்ற பெயர் வண்டியில் தொங்கும் கொக்கியால் வந்ததா, மெலிந்து முதுகு வளைந்து அவர் நிற்கிற நிற்பால் வந்ததா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி. அவர் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரும் நான்தான். கேட்டு வாங்கிய பதவி இல்லை. நான் ஒரு கூட்டத்துக்குப் போகாத நாளில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் நான்கு தெருக்களும் நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நகரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவன் எதிர்ப்பக்கத்துச் சாலையில்தான் வருவான். சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திறப்பு இருந்தது. அங்கே வண்டியைத் திருப்பி, எதிரே வருகிற வண்டிகள் எப்போது இடம் விடும் என்று பார்த்து, சட்டென்று குறுக்கே பாய்ந்து வீட்டுக்கு வந்துவிடலாம். திறப்பு இல்லாவிட்டால் இரண்டரை கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி, அதே இரண்டரையை மறுபடி ஓட்டி வரவேண்டும்.

திறப்புக்கு நேர் எதிரே கொக்கி அண்ணன் வீடு. முன்பக்கம் முழுக்கச் செடிக்கடை, பக்கவாட்டில் ரெக்கவரி வண்டி, பின்னால் இரண்டு அறை. செடிக்கடை அவர் மனைவியுடையது. நாங்கள் எல்லோரும் அவரைச் செடிக்கடை அக்கா என்போம். பதினான்கு வருடத்துக்கு முன் வெறும் முப்பது நாற்றுப் பைகளோடு தொடங்கியவர். நான் பார்க்கப் பார்க்க அது பச்சை வலைக் கூரை, சொட்டுநீர்க் குழாய், ரோஜாவுக்குத் தனி வரிசை, நிழல் செடிகளுக்குத் தனிக் கொட்டகை என்று வளர்ந்தது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து நகரத்திலிருந்து திரும்புகிறவர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தே பூவைப் பார்ப்பார்கள், திறப்பில் திரும்பி வந்து வாங்குவார்கள். ஒரு ரோஜாச் செடிக்காக ஐந்து கிலோமீட்டர் சுற்றி வர யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. அக்காவுக்கு அந்தத் திறப்புதான் கடையின் வாசல்.

அண்ணனின் வேலையைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். யார்மேல் தப்பு என்று கேட்கவே மாட்டார். இடித்தவனையும் இடிபட்டவனையும் கூட்டிவந்து, செடிக்கடையில் கவிழ்த்து வைத்திருக்கிற இரண்டு பெரிய தொட்டிகள்மேல் எதிரும் புதிருமாக உட்காரவைப்பார். ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர். வீட்டுக்குப் போன். பிறகு கொக்கியை மாட்டி வண்டியை ஓரம் கட்டுவார். அந்த இருவரும் கோபம் ஆறி, சமாதானமாகி, காவல் நிலையம் போவதாவது கீவதாவது என்று கை குலுக்கிக்கொள்கிற நேரத்தில் இவர் நீளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கியிருப்பார். ஒரு பொடிக் கண்ணாடி விடாமல் கூட்டி வாளியில் அள்ளுவார்.

"விடுங்கண்ணே, மழை வந்தா தானா போயிடும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"அடுத்து வர்றவன் டயர் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

கால் மணி நேரத்தில் அந்த இடம் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும்.

அந்த வாளிக் கண்ணாடி நேராக அக்காவிடம் போகும். கார்க் கதவுக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி உடையாது. கல் உப்பு மாதிரி உதிரும். அக்கா அதை மணலோடு ஒரு சாக்கில் போட்டு உருட்டி முனை மழுக்குவார், மூன்று தண்ணீரில் அலசுவார், வெயிலில் காயவைத்துத் தொட்டி மண்ணின்மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புவார். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறிக்காது. வெயில் பட்டால் தொட்டியே ஜொலிக்கும். அந்தக் கடைக்கே பேர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தொட்டிதான். என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் அறிவிப்புப் பலகை நட்டார்கள். பாதுகாப்பு மேம்பாட்டுப் பணிக்காக நடுத்தடுப்புத் திறப்பு நிரந்தரமாக மூடப்படும், கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் நூலக மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு வரலாம் என்று எழுதியிருந்தது. நான்கு தெருவும் கொதித்தது. நான் செயலாளர் இல்லையா, மனு எழுத உட்கார்ந்தேன். காவல் நிலையத்தில் நடையாய் நடந்து பதிவேட்டுக் கணக்கை வாங்கினேன். ஆறு வருடத்தில் அந்தத் திறப்பில் பதிவான விபத்து மூன்று. மூன்றே மூன்று! அந்த வரியைத் தடித்த எழுத்தில் அடித்து, அடிக்கோடும் போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

கொக்கி அண்ணன் கடைக்கு வந்தார். மனுவை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"மூணுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாண்ணே. ஸ்டேஷன் ரெக்கார்டுலயே அவ்வளவுதான் இருக்கு."

"ஓ. ஸ்டேஷன்ல."

கையில் சுற்ற ஒரு பேண்டேஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கையெழுத்துக்காக நான் எடுத்து வைத்த பேனா மேஜைமேல் மூடி கழற்றியபடியே கிடந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் உறைத்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா கூப்பிட்டார் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க இவருக்கு. இந்த ரோட்டைப் பத்தி இவரைவிட யாருக்குத் தெரியும்? எழுந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். மாட்டேங்கிறாரு."

"என்னை எதுக்கு இழுக்கிற?" என்றார் அண்ணன், சங்கிலியைப் பார்த்தபடி.

"ஊரையே இழுக்கிறீங்க, உங்களை நான் இழுக்கக்கூடாதா? பதினாலு வருஷம்ங்க. அந்த வாசல் போச்சுன்னா எனக்கு வேற வாசல் ஏது?"

அண்ணன் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். "சரி, வர்றேன். ஆனா கேட்டா தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன்."

"பின்ன, தெரியாததையா சொல்லச் சொன்னேன்?" என்று அக்கா சிரித்தார்.

அண்ணன் வாசல்வரை என்னோடு வந்தார். லாரிகள் போகிற இரைச்சலில் அவர் பேசியதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. "தம்பி, அவ கையால வளர்த்த கடை இது. நான் வாயைத் திறந்தா இது போச்சு. திறக்காட்டி ஒருநாள் எவனாவது போயிடுவான். நான் என்ன பண்ணட்டும்?" கூட்டத்தில் யாரும் அவரைக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் காலை பத்தரைக்கு. நூலக மாடியில் அறுபது நாற்காலி. ஒன்றுகூடக் காலி இல்லை. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அவர் மனதைக் கொஞ்சம் குளிரவைக்கலாமே என்று அக்கா தன் கடையிலிருந்து அருமையான தொட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து மேஜையின் இரு முனையிலும் வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் மின்னின.

நான் மனுவை வாசித்தேன். அடிக்கோடு போட்ட வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். கைதட்டல் அடங்கியதும் பொறியாளர் நிதானமாகச் சொன்னார். "ஆறு வருஷத்துல மூணுதான்னா, அது எங்களுக்கும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஒரு எச்சரிக்கை விளக்கும் வேகத்தடையும் போட்டு இதைத் திறந்தே வைக்க முடியுமான்னு பார்க்கலாம். எழுதிக்கிறேன்."

நாங்கள் ஜெயித்துவிட்டோம். பின்வரிசையில் யாரோ விசிலே அடித்துவிட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடைசி வரிசையில், கதவோரமாக, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் எழுதிக்கொண்டே பக்கத்திலிருந்த தொட்டியைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "ரொம்ப அழகா இருக்கே. இது என்ன கல்லு?"

செடியைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. "கல்லு இல்லம்மா, கார்க் கண்ணாடி. நானே கழுவி எடுக்கிறது."

"அப்படியா! எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா? எதுக்கு? எங்க வாசல்லயே கிடைக்குது. இவர் கூட்டி எடுத்துட்டு வருவாரு. ரெண்டு மாசத்துக்கு ஒரு வாளி கண்டிப்பா வந்துரும். வாளி நிறைய..."

அந்த இடத்தில் அக்காவின் குரல் நின்றுபோனது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. தன் வாயால் தானே மாட்டிக்கொண்டதை அறையில் கடைசியாகப் புரிந்துகொண்டவர் அவராக இருக்கலாம்; முதல் ஆளாகவும் இருக்கலாம். என் முகத்தில் ஈயாடவில்லை.

பொறியாளர் உள்ளங்கையிலிருந்த கண்ணாடியைத் திரும்பத் தொட்டியில் போட்டார். கோபப்படவில்லை, குத்திக்காட்டவில்லை. "இவர்னா யாரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் எழுந்தார். "நான்தான். ரெக்கவரி வண்டி வச்சிருக்கேன்."

"அங்க எத்தனை வண்டி எடுத்திருப்பீங்க?"

அண்ணன் ஒருமுறை அக்காவின் முதுகைப் பார்த்தார். "எண்ணி வச்சதில்லம்மா. வருஷத்துக்கு இருபதுக்குக் குறையாது."

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"எல்லாம் ஓரத்துல உரசுறது, பின்னால இடிக்கிறது, கதவு நசுங்குறது. மூணு பேருக்கு எலும்பு முறிஞ்சுது, அது மட்டும்தான் ஸ்டேஷனுக்குப் போச்சு. இதுவரைக்கும் உயிர் போகல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டு ஓடும்போது, இந்தத் தடவை வீட்டுக்கு என்ன சொல்லுறதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் ஓடுறேன்."

"வருஷத்துக்கு இருபதா? யாரு யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் எகிறினார்.

"பேர் சொல்ல மாட்டேங்க" என்றார் அண்ணன். "அவங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணினேன். அது அந்த வீட்டோட இருக்கட்டும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் போன் அவளுக்கு வந்தது. எங்கள் காரின் பின்கதவு உள்ளே போய், கண்ணாடி முழுக்கச் சீட்டில் கொட்டிக் கிடந்தது. பள்ளியிலிருந்து என் மகளை அழைத்துக்கொண்டு திரும்பிய நாள் அது. அவள் எப்போதும் பின்சீட்டில் உட்காருகிறவள். அன்று அடம்பிடித்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கடையைத் திறந்தேன். யார் கேட்டாலும், "லேசா இடிச்சுக்கிச்சு" என்றேன். அதன் பிறகு நானே அதை விபத்து என்று நினைக்கவில்லை. மனுவில் மூன்று என்று எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? சத்தியமாக வரவில்லை. சாலையைக் கூட்டிய துடைப்பம் எங்கள் மண்டையையும் சேர்த்துக் கூட்டியிருந்தது போலும்.

நான் கையைத் தூக்கினேன். "அதுல ஒண்ணு நான்" என்றேன். செயலாளர் கைதூக்கியதைப் பார்த்துப் பள்ளி வேன் ஓட்டுகிறவர் தூக்கினார். பிறகு தையல்காரர். பிறகு எகிறிய அந்த முன்வரிசைக்காரரே, அசடு வழிந்துகொண்டு, தோள் உயரத்துக்கு மட்டும். நான் எண்ணினேன். பத்தொன்பது கை.

ஐந்து வாரத்தில் கான்கிரீட் கட்டைகளை இறக்கித் திறப்பை மூடினார்கள். அரை நாள் வேலைதான். அக்கா தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தன்றே அக்கா அண்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணன் இரண்டடி தள்ளி நிற்பார். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்பார். நான் திரும்பி, "அண்ணே, சாப்பாடாம்" என்பேன். "சரின்னு சொல்லுங்க தம்பி" என்பார் அவர். மாத்திரை விற்கிறவனுக்கு இது என்ன பிழைப்பு?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, கண்ணாடின்னு சொன்னது நீங்க. அவர் கேட்டதுக்குப் பதில் சொன்னாரு, அவ்வளவுதானே. அவர்மேல எதுக்குக் கோபம்?"

"சொன்னதுக்காக யார் கோபப்பட்டா?" அக்கா ஒரு நாற்றுப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "அவருக்கு இத்தனை நாளா அவ்வளவு பயம் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே ஓடியிருக்காரு. ஊரு முன்னாடிதான் நான் அதைக் கேட்கணுமா? நான் பாட்டுக்கு இங்க உட்கார்ந்து அதைக் கழுவிக்கிட்டு, அழகா இருக்குன்னு சிரிச்சுக்கிட்டு... என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாரு?" கிழித்த பையைக் கீழே போட்டுவிட்டு, "வாளி எங்கிருந்து வருதுன்னு எனக்கும் தெரியாமயா இருந்துச்சு" என்றார்.

வியாபாரம் விழுந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிழல் செடிக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கும் போன் வருவது குறைந்தது. வாசலிலேயே கிடைத்த வேலை இனி இல்லையே. இருவரும் ஆளுக்கு ஒரு கவிழ்த்த தொட்டிமேல், இடித்துக்கொண்ட வண்டிக்காரர்கள் மாதிரி, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில் அக்காவின் போன் அடித்தது. அக்கா கை முழுக்க மண். நான் இருமல் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். அண்ணன் போனை எடுத்தார். வெளியூரில் இருக்கிற அக்காவின் அக்கா. திறப்பை மூடிவிட்டார்களாமே, கடை என்னாயிற்று, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு இருபத்திரண்டு வருடப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. கடைக்குத்தான் அடி."

அக்கா தலை நிமிர்ந்தார். கண் நிறைந்துவிட்டது, உதடு சிரித்தது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மண் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படிக் குடுங்க போனை" என்றார். என்னிடம் இல்லை, நேராக அவரிடம். நான் இருமல் மருந்தைத் தொட்டிமேல் வைத்துவிட்டு நழுவினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ரெக்கவரி வண்டியின் முதுகில் ரோஜாவும் நாற்றும் ஏறி நகரத்துக்குப் போகின்றன. பழைய வியாபாரத்துக்கு அது ஈடில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

போன வாரம் ஒரு கார் கடைக்கு வந்து நின்றது. பழைய வாடிக்கைக்கார அம்மா. "உங்க செடிக்காக அஞ்சு கிலோமீட்டர் சுத்திட்டு வர்றேன்" என்று அலுத்துக்கொண்டே இறங்கினார். தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெறும் மண்.

"முன்னாடி மேல பளபளன்னு ஒரு கல்லு போட்டுத் தருவீங்களே. அது இல்லையா?"

அண்ணன் வண்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அக்கா தொட்டியைத் தூக்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

"அது இப்ப வர்றதில்லம்மா. வரவும் வேண்டாம்."